எகானமி சீட்டில் முட்டி ஏன் இடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் உயரம் 5 அடி 11 இன்ச். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் சத்தம் போடுவது முட்டிதான். அந்த எரிச்சலில் சீட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கைப்பையில் ஒரு தையல்காரர் டேப்பும் சேர்ந்துகொண்டது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ டிக்கெட் போடும் சொந்தக்காரர்கள் இப்போது என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சீட் நம்பரைத் தொடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

"பிட்ச் 29 இன்ச்" என்று போட்டிருக்கிறதே, காலுக்கு 29 இன்ச் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் சீட்டில் ஏதாவது ஓர் இடத்தில் புள்ளி வைத்து, முன் சீட்டில் அதே இடம் வரை அளந்தால் வருவதுதான் பிட்ச். முன் சீட்டு முதுகின் தடிமனும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். அதைக் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் காலுக்கு. அதனால், தடித்த பழைய சீட்டில் 31 இன்ச் பிட்சும் மெலிந்த புதிய சீட்டில் 29 இன்ச் பிட்சும் முட்டிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியலாம். எகானமியில் பொதுவாகப் பார்ப்பது 28 முதல் 32 இன்ச் வரை. குறைந்த கட்டண விமானங்கள் கீழ்ப்பக்கம், நெடுந்தூர விமானங்கள் மேல்பக்கம்.

எண்ணைப் பார்த்துக் குழம்புவதைவிட வீட்டில் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூலைச் சுவரோடு போட்டு, இடுப்பு சுவரில் ஒட்டும்படி உட்காருங்கள். சுவரிலிருந்து முட்டி முனை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 25 இன்ச் வந்தது. அப்புறம் ஓர் உள்நாட்டுப் பயணத்தில் டேப்பை எடுத்து, என் சாய்மானத்திலிருந்து முன் சீட்டு முதுகு வரை முட்டி உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். 26 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், சீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார். அந்த ஒரு இன்ச் மிச்சமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வரைதான். அரை மணி நேரத்தில் இடுப்பு தானாக முன்னால் சரிந்துவிடும், முட்டி போய் ஒட்டிக்கொள்ளும்.

அதே ஏர்பஸ் ஏ320 விமானம்தான். ஒரு கம்பெனியில் காலை நீட்ட முடிகிறது, இன்னொன்றில் முடியவில்லை. எப்படி?

விமானத் தரையில் முன்னிருந்து பின்வரை, ரயில் தண்டவாளம் மாதிரி உலோகப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றில் இன்ச்சுக்கு ஒரு துளை. சீட்டின் கால்கள் அந்தத் துளைகளில்தான் பூட்டப்படுகின்றன. கழற்றி ஓர் இன்ச் முன்னால் தள்ளிப் பூட்டலாம், பின்னாலும் தள்ளலாம். கம்பளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் மூடி ஒன்று நீளமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கீழே இருப்பது இதுதான்.

சீட்டைச் செய்வதும் ஏர்பஸ்ஸோ போயிங்கோ இல்லை. ஜெர்மனியின் ரெகாரோ, பிரான்ஸின் சஃப்ரான், அமெரிக்காவின் காலின்ஸ் போன்ற தனிக் கம்பெனிகள் செய்கின்றன. எந்த சீட், எத்தனை வரிசை, எவ்வளவு இடைவெளி என்பதை விமானத்தை ஓட்டும் நிறுவனம் முடிவு செய்கிறது. ஆகவே "ஏர்பஸ் வசதியா, போயிங் வசதியா?" என்று கேட்பது, கல்யாண மண்டபத்தைப் பார்த்துச் சாப்பாட்டின் ருசியைச் சொல்லச் சொல்வது மாதிரி.

இதில் உள்ள கணக்கு சின்னது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 30 வரிசை இருக்கிற விமானத்தில் வரிசைக்கு ஓர் இன்ச் குறைத்தால் 30 இன்ச் சேரும். 30 இன்ச் என்றால் புதிதாக ஒரு முழு வரிசை. ஒரு வரிசைக்கு ஆறு டிக்கெட். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை பறக்கிற விமானத்தில், வருடம் முழுக்க அந்த ஆறு டிக்கெட்டை விற்றால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இண்டிகோவின் பழைய ஏ320-களில் 180 சீட்; பின்னால் வந்த ஏ320நியோக்களில் 186. நியாயமாகச் சொன்னால், அந்தக் கூடுதல் ஆறுக்குக் கால் இடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வாலோரம் இருக்கும் டாய்லெட்டையும் சமையல் பகுதியையும் ஒன்றாக நெருக்கிக் கட்டும் ஒரு வடிவமைப்பை ஏர்பஸ் கொண்டுவந்தது, அதில் மிச்சப்பட்ட இடமும் இதில் சேர்த்தி.

ஜன்னல் சீட்டுக்குக் காசு கட்டினேன். போய்ப் பார்த்தால் ஜன்னலே இல்லை. ஏமாற்றா?

எனக்கும் நடந்தது. கூடுதல் பணம் கட்டி வாங்கிய சீட்டில் இரண்டு மணி நேரம் வெள்ளைப் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன். கேட்டதற்கு, "ஜன்னல் ஓரம் என்றுதான் சொன்னோம், ஜன்னல் உண்டு என்று சொல்லவில்லை" என்கிற பாணியில் பதில் வந்தது.

காரணம் இரண்டு. விமான உடலைத் தாங்கும் உலோகச் சட்டங்களுக்கு இடையில்தான் ஜன்னல் வெட்ட முடியும், அந்த இடைவெளி தயாரிக்கும்போதே நிலையாகிவிடும். சீட்டோ தண்டவாளத்தில் நகர்கிறது. அதனால் சில வரிசைகளில் ஜன்னல் உங்கள் காதுக்குப் பின்னால் போய்விடும். இரண்டாவது காரணம், சில இடங்களில் ஏர் கண்டிஷன் குழாய் சுவருக்குள் மேலே ஏறுகிறது, அங்கே ஜன்னல் வெட்டவே மாட்டார்கள். போயிங் 737-800-ல் பல நிறுவனங்களின் 11ஏ சீட் இதற்குப் பேர்போனது. சீட் வரைபடம் காட்டும் தளங்களில் பயணிகள் போடும் குறிப்புகளைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

அந்தக் காலத்தில் சீட் விசாலமாக இருந்ததா? இல்லை, நமக்குத்தான் வயிறு வளர்ந்துவிட்டதா?

இரண்டும்தான்.

அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணத்தை அரசு நிர்ணயித்தது. எல்லாருக்கும் ஒரே விலை என்றால் போட்டி எதில் வரும்? சாப்பாட்டில், இடத்தில், உபசரிப்பில். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747-ல் எகானமிக்காரர்களுக்கே பியானோவோடு ஓய்வறை வைத்திருந்தது. 1978-ல் கட்டுப்பாட்டை எடுத்ததும் போட்டி விலைக்கு மாறியது. டிக்கெட் விலை இறங்க இறங்க இடமும் இறங்கியது. அந்தக் காலத்து விசாலத்தைப் பற்றி ஏங்குகிறவர்கள் அந்தக் காலத்து டிக்கெட் விலையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அன்று நம்மில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

கால் இடத்தைவிட எனக்கு அதிக வருத்தம் அகலம் போனதில். போயிங் 777, 1995-ல் சேவைக்கு வந்தபோது எகானமியில் வரிசைக்கு 9 பேர் என்பதுதான் வழக்கம், சீட் அகலம் சுமார் 18.5 இன்ச். இப்போது எமிரேட்ஸ் உட்படப் பெரும்பாலான நிறுவனங்களின் 777-ல் 3-4-3 என்று 10 பேர், அகலம் 17 சொச்சம். 787-ம் அதே கதை. எட்டுப் பேருக்கு என்று பேசப்பட்டது, ஏறக்குறைய எல்லாரும் ஒன்பது போட்டுவிட்டார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787-களில் இன்னும் 2-4-2 என்று எட்டில் நிற்கிறது. டோக்கியோ வழியாக அமெரிக்கா போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

17 இன்ச்சுக்கும் 18 இன்ச்சுக்கும் ஓர் இன்ச் தானே? அதில் என்ன பெரிய வித்தியாசம்?

அகலத்தைக் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அளக்கிறார்கள், அதாவது இடுப்புக்கு. ஆனால் ஆண்களில் பலருக்கு இடுப்பைவிடத் தோள் அகலம், 18 இன்ச்சைத் தாண்டும். தோளுக்குக் கைப்பிடி எல்லை கிடையாது, அது பக்கத்து சீட்டுக்குள் போகும். மூன்று ஆண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் ஒன்று முன்னால் குனிவார், அல்லது கைகளைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்காருவார்.

737-ன் உடல் அகலம், 1958-ல் சேவைக்கு வந்த 707-ன் அகலத்திலிருந்து அப்படியே வந்தது. ஏ320-ன் உட்புறம் அதைவிட ஆறேழு இன்ச் கூடுதல். இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர். ஆகவே ஏ320-ல் ஆளுக்கு ஓர் இன்ச் அளவுக்கு அதிகம் கிடைக்க வாய்ப்பு உண்டு. சில நிறுவனங்கள் அதை சீட்டுக்குத் தராமல் நடைபாதைக்குக் கொடுக்கின்றன. 2013-ல் ஏர்பஸ், நெடுந்தூரப் பயணத்துக்கு 18 இன்ச்தான் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்று பிரச்சாரமே செய்தது. லண்டனில் ஒரு தூக்க ஆய்வு மையத்தை வைத்துச் செய்த ஆய்வில், 17-லிருந்து 18-க்குப் போனால் தூக்கத்தின் தரம் 53 சதவீதம் கூடுகிறது என்று சொன்னார்கள். ஆய்வுக்குக் காசு கொடுத்தது ஏர்பஸ், பிரச்சாரம் போயிங்குக்கு எதிராக. அதனால் நான் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நடு சீட்டில் ஒருமுறை இரவு முழுக்க உட்கார்ந்தவருக்கு ஆய்வே தேவையில்லை.

புது சீட்டெல்லாம் பலகை மாதிரி இருக்கிறதே, ஏன்?

எடை. பழைய சீட்டில் தடித்த நுரை இருந்தது. இப்போதைய மெலிந்த சீட்டில் சாய்மானம் என்பது மெல்லிய ஓடு, அதன்மேல் விறைப்பாக இழுத்த துணி அல்லது ரெக்சின், நடுவில் கொஞ்சம் நுரை. ஓர் ஆளுக்கான சீட்டின் எடை 10 கிலோ, அதற்கும் கீழே என்றுகூட வந்துவிட்டது. சீட்டுக்கு 3 கிலோ குறைந்தால் 180 சீட்டுக்கு 540 கிலோ. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் அந்த அளவு எடையைத் தூக்க எரிபொருள் வேண்டாம்.

நல்ல மெலிந்த சீட் என்று ஒன்று உண்டு. ரெகாரோ கார்களுக்கு சீட் செய்து பழகிய பெயர். முதுகின் வளைவைச் சரியாகப் பிடித்தால் நுரை குறைவாக இருந்தாலும் வலிக்காது. பிரச்சினை அடிமெத்தையில்தான். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஒன்றரை மணி நேரம் தாண்டும்போது உட்காரும் இரண்டு எலும்பும் மெத்தையைத் தாண்டி அடித்தட்டைத் தொட்டுவிடும். சென்னை–பெங்களூருக்கு இது போதும். நான்கு மணி நேர சிங்கப்பூருக்கு ஒரு சால்வையை மடித்துக் கீழே போட்டுக்கொள்வது என் வழக்கம்.

இவ்வளவு மெல்லிசா இருக்கிறதே, விபத்து நடந்தால் தாங்குமா?

தாங்கும். பயணிகள் யாரும் பார்க்காத பக்கம் இது. எனக்கு சீட்மேல் மரியாதை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

1988-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ ஒரு விதி கொண்டுவந்தது. சீட்டை மனித பொம்மையோடு ஒரு சறுக்கு வண்டியில் பூட்டி, புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் சட்டென்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 70 கிலோ ஆள் அந்த நொடியில் 1,120 கிலோ மூட்டை மாதிரி பெல்ட்டை இழுப்பார். அதுவும் சமமான தரையில் இல்லை. விபத்தில் தரை முறுக்கிக்கொள்ளும் என்பதற்காக, ஒரு பக்கத் தண்டவாளத்தை 10 டிகிரி சாய்த்தும் மறுபக்கத்தை 10 டிகிரி புரட்டியும் வைத்துச் சோதிக்கிறார்கள். சீட் பிய்ந்து வரக் கூடாது. பொம்மையின் தலை முன் சீட்டில் மோதும் அடிக்கும், தொடை எலும்புக்கும், முதுகெலும்புக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

மெத்தைக்கு நெருப்புச் சோதனை. 1984-ல் வந்த விதிப்படி, மண்ணெண்ணெய் அடுப்பு போன்ற சுடரை இரண்டு நிமிடம் காட்டினாலும் மெத்தை தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. துணிக்குக் கீழே நெருப்பைத் தடுக்கும் இன்னோர் அடுக்கு இருப்பது இதனால்தான்.

உறுதிக்கு இத்தனை சட்டம். இடத்துக்கு மட்டும் சட்டம் கிடையாதா?

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவில் ஃப்ளையர்ஸ் ரைட்ஸ் என்ற பயணிகள் அமைப்பு நீதிமன்றத்துக்கே கொண்டு போனது. சீட் சுருங்குகிறது, மனிதர்கள் பெருக்கிறார்கள், அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்று கேட்டார்கள். எஃப்.ஏ.ஏ, "இது வசதி சம்பந்தப்பட்டது, பாதுகாப்பு இல்லை" என்று கையை விரித்தது. 2017 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பாட்ரிசியா மில்லெட் தன் தீர்ப்பில் இதை "நம்பமுடியாத அளவுக்குச் சுருங்கும் விமான சீட்டின் வழக்கு" என்று பெயரிட்டே குறிப்பிட்டு, சரியான ஆதாரத்தோடு பதில் சொல்லச் சொன்னார். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு வருடத்துக்குள் குறைந்தபட்ச அளவை நிர்ணயி என்று சட்டமே போட்டது.

எஃப்.ஏ.ஏ ஓக்லஹோமா சிட்டியில் ஆட்களை வைத்து வெளியேற்றச் சோதனை நடத்தியது. சீட் இடைவெளியால் வெளியேறுவது தாமதமாகவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, உடல் ஆரோக்கியமானவர்கள். நம் ஊரிலிருந்து பேரன் பிறந்ததைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டி அதில் இல்லை. 2022-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. 2023 மார்ச்சில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், இதில் எஃப்.ஏ.ஏவைக் கட்டாயப்படுத்தும் அளவுக்கு ஆபத்து தெளிவாக இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது.

பிரிட்டன் மட்டும் முன்பே ஓர் அளவு வைத்திருந்தது. சாய்மானத்திலிருந்து முன் சீட்டு முதுகு வரை 26 இன்ச். இதில் பிட்ச் என்று சொல்லாமல் உண்மையான இடைவெளியைச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. என் தையல் டேப் காட்டிய எண்ணும் அதற்குப் பக்கத்தில்தான்.

90 செகண்டில் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டாமே?

உண்டு. 44 சீட்டுக்கு மேல் உள்ள விமான வகை எதுவானாலும், இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, 90 செகண்டில் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகே அனுமதி. ஏ380-க்கு 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் செய்தார்கள். 853 பயணிகள், 20 ஊழியர்கள், 78 செகண்ட். ஒருவருக்குக் கால் முறிந்தது, இன்னும் சிலருக்குச் சிராய்ப்பு போன்ற சின்னக் காயங்கள். கைக்குழந்தைகளுக்குப் பதிலாகச் சிலர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதுகூட விதியில் இருக்கிறது.

நிஜத்தில் எப்படி? 2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வந்தார்கள். கடைசி ஆள் இறங்க 18 நிமிடம் ஆனது. பயணிகள் பைகளை விட்டுவிட்டு வந்தது அங்கே பெரிய காரணம். நம் விமானங்களில் சக்கரம் தரையைத் தொட்ட உடனேயே எழுந்து பெட்டியை இறக்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்த்துவிட்டார். நான் என்ன செய்யலாம்?

சாய்க்கும் பட்டன் அவர் சீட்டில் இருக்கிறது, சாயும் இடம் உங்கள் முன்னால் இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்ற கதை. சண்டைக்குக் காரணமும் அதுதான். 2014-ல் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தில் ஒருவர் முன் சீட் சாயாமல் இருக்க "நீ டிஃபெண்டர்" என்ற பிளாஸ்டிக் கட்டையை ட்ரேயில் மாட்டினார். முன்னால் இருந்தவர் தண்ணீரை வீசினார். விமானத்தைச் சிகாகோவில் இறக்கி இருவரையும் வெளியேற்றினார்கள்.

பல குறைந்த கட்டண நிறுவனங்கள் பட்டனையே எடுத்துவிட்டன. ரயன்ஏர் சீட் சாயாது. வேறு சிலர் ஆரம்பத்திலேயே சற்றுச் சாய்ந்த கோணத்தில் வைத்து முடித்துவிடுகிறார்கள். ரிப்பேர் குறைவு, எடை குறைவு, சண்டையும் குறைவு. என் கருத்தைக் கேட்டால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சாய்க்கவே வேண்டாம். இரவுப் பயணத்தில் தாராளமாகச் சாயுங்கள், ஆனால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக. பின்னால் இருப்பவர் சாம்பார் சாதத்தைத் திறந்து வைத்திருக்கலாம்.

எமர்ஜென்சி கதவுக்கு முன் வரிசையும் டாய்லெட்டை ஒட்டிய கடைசி வரிசையும் பெரும்பாலும் சாயாது. இறங்கும்போதும் ஏறும்போதும் நிமிர்த்தச் சொல்வது, பின்வரிசைக்காரர் வெளியே வர வழி வேண்டும் என்பதற்கு.

நடு சீட்டின் இரண்டு கைப்பிடியும் யாருக்கு?

நடுவில் இருப்பவருக்கு. ஜன்னல்காரருக்குச் சுவர் இருக்கிறது, ஓரத்துக்காரருக்கு நடைபாதை இருக்கிறது. அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

எந்த சீட்டை எடுக்கலாம்?

எல்லாருக்கும் பொதுவான நல்ல சீட் என்று ஒன்று இல்லை.

உயரமானவர்களுக்கு எமர்ஜென்சி கதவு வரிசை. பல ஏ320-களில் இறக்கைமேல் 12, 13 வரிசைகள். இரண்டிலும் கால் இடம் உண்டு, ஆனால் 12 சாயாது, அதன் பின்னால் இன்னொரு கதவு இருப்பதால். ஆகவே 13. அங்கே குழந்தைகள், கர்ப்பிணிகள், உதவி தேவைப்படுகிறவர்கள் உட்கார அனுமதி இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. சும்மா காலை நீட்டத்தானே என்று எடுக்காதீர்கள், தேவைப்பட்டால் அந்தக் கதவைத் திறக்கப் போவது நீங்கள்தான்.

முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லை, சுவர். முட்டிக்கு நிம்மதி, பாதத்துக்குச் சில சமயம் இல்லை. ட்ரே கைப்பிடிக்குள் ஒளிந்திருப்பதால் கைப்பிடி கனமாகி, சீட் அகலம் கொஞ்சம் குறையும், கைப்பிடியை மேலே தூக்கவும் முடியாது. தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். அதாவது, உங்கள் பக்கத்தில் ஆறு மாதக் குழந்தை இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய விமானங்களில் டிவி திரைக்கான மின்பெட்டி சில சீட்டுகளின் கீழே இருக்கும், ஒரு பாதத்துக்கான இடம் போய்விடும். வால் பக்கம் விமான உடல் குறுகுவதால் கடைசி சில வரிசைகளில் நெருக்கம் கூடும். ஆனால் 3-3-3 விமானம் சிலவற்றில் கடைசியில் ஜன்னல் பக்கம் இரண்டே சீட்டாகக் குறையும் வரிசைகள் வரும். தம்பதியாகப் போகிறவர்கள் அதைத் தேடிப் பிடிப்பார்கள்.

சென்னை–யாழ்ப்பாணம் போன்ற வழிகளில் ஓடும் ஏடிஆர் 72 தனிக் கதை. 2-2 என்பதால் நடு சீட்டே கிடையாது. பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது, முன்பக்கம் சரக்கு. முதலில் இறங்கலாம் என்று முன் வரிசைக்குக் காசு கட்டினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். புரொப்பெல்லர் சத்தமும் முன்பக்கம்தான் அதிகம். இதில் பின்வரிசைதான் ராஜா சீட்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட்டுக்குள் நுழையவே சிரமப்படுகிறார்.

ஓர சீட் எடுங்கள். அப்புறம் நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடியில், பின்னால் கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பல சீட்டுகளில் ஒரு சின்னப் பட்டனோ நெம்புகோலோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை மெதுவாக உள்ளே திருப்பிக்கொள்ளலாம். என் அம்மாவுக்கு இதை ஒரு பணிப்பெண்தான் காட்டினார். அதற்கு முன் ஆறு தடவை அந்தக் கைப்பிடியைத் தாண்டிக் குதிக்காத குறையாக ஏறியிருக்கிறார். "இத்தனை நாள் இதை மறைச்சு வச்சிருந்தாங்களா?" என்று என்னைத்தான் முறைத்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக வைத்தது அது. எல்லா சீட்டிலும் இருக்காது, ஏறியதும் ஊழியரிடம் கேளுங்கள்.

பெல்ட் எட்டவில்லை என்றாலும் தயங்க வேண்டாம். நீட்டிக்கும் துண்டு பெல்ட் அவர்களிடம் இருக்கும்.

காசு கட்டாவிட்டால் குழந்தையை வேறு வரிசையில் போட்டுவிடுவார்களா?

இந்தியாவில் 12 வயது வரை உள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் பயணிக்கும் பெற்றோரிலோ பொறுப்பாளரிலோ ஒருவர் பக்கத்திலேயே சீட் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ உத்தரவிட்டது. ஒரே பி.என்.ஆர் என்பதுதான் முக்கியம். அப்பா தனியாக, அம்மாவும் பிள்ளையும் தனியாக டிக்கெட் போட்டால் அப்பா எங்கேயோ உட்கார வேண்டியதுதான்.

நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இரட்டிப்பு என்றதும் பயப்பட வேண்டாம், ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000-ல் ஒருவர் என்ற அளவுதான். அதே ஆய்வு கார், பஸ், ரயிலுக்கும் இதையே சொல்கிறது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போகிறவருக்கும் பொருந்தும்.

என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் வேறு. 190 செ.மீ.க்கு மேல் உயரமானவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். விமானத்தில் 160 செ.மீ.க்குக் குறைவானவர்களுக்கும் அதிகமாம். பாதம் தரையில் சரியாகப் பதியாமல் தொங்கும்போது, மெத்தையின் முன்விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்துகிறது. நம் அம்மாக்களில் பலர் இந்த உயரம்தான். காலடியில் கைப்பையை வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றச் சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் புறப்படும் முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

நின்றுகொண்டே பறக்கும் சீட் வரப்போகிறதாமே?

சில வருடங்களுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் அது. இத்தாலியின் ஏவியோஇன்டீரியர்ஸ் என்ற கம்பெனி 2010-ல் காட்டிய "ஸ்கைரைடர்". குதிரைச் சேணம் மாதிரி இருக்கும், பாதி நிற்க வேண்டும், பிட்ச் 23 இன்ச். 2018-ல் ஹாம்பர்க் கண்காட்சியில் இன்னொரு வடிவம் கொண்டுவந்தார்கள். இதுவரை எந்த விமானத்திலும் பறக்கவில்லை. 16 மடங்கு விசையும் 90 செகண்டும் தாண்டி வர வேண்டுமே. வந்தாலும் டவுன் பஸ்ஸில் ஃபுட்போர்டு அடித்த தலைமுறைக்கு அது புதிதாக இருக்காது.

எகானமியில் படுத்துக்கொண்டு போக வழியே இல்லையா?

பிசினஸ் கிளாஸில் முழுக்கப் படுக்கும் சீட்டை 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது. ஒருவர் முன்னோக்கி, அடுத்தவர் பின்னோக்கி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். தோள் இருக்கும் பக்கம் அகலம், கால் இருக்கும் பக்கம் குறுகல், அதனால் தலைமாடு கால்மாடாகப் படுத்தால் அதே இடத்தில் அதிகம் பேரை அடுக்கலாம். கல்யாண வீட்டு மொட்டை மாடியில் நாம் காலங்காலமாகச் செய்வதுதான். எகானமிக்கு ஏர் நியூசிலாந்து 2011-ல் ஒரு வழி கண்டது. மூன்று சீட்டின் கால்தாங்கிகளையும் மேலே தூக்கினால் சின்னக் கட்டில். மூன்று சீட்டுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். குழந்தையோடு போகிறவர்களுக்கு உபயோகம், என் உயரத்துக்குப் பாதிக் கால் வெளியே.

சீட் பாக்கெட் ஏன் கண்ணுக்கு நேராக மேலே போய்விட்டது?

முட்டிக்கு இடம் கொடுக்கத்தான். பழைய சீட்டில் பத்திரிகைகள் திணித்த பை முட்டி உயரத்தில் இருந்து ஓர் இன்ச்சைத் தின்றது. அதை ட்ரேக்கு மேலே ஏற்றிவிட்டுக் கீழே ஒரு வலையோடு நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்போர்ட், போன், கண்ணாடி எதையும் அந்த வலையில் மட்டும் போடாதீர்கள். என் மூக்குக் கண்ணாடி ஒன்று அதில் உட்கார்ந்து எந்தெந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை.